டிரிபியூன்: எளியோரின் கேடயம் பேரரசரின் கைக்குப் போன வரலாறு

கி.மு. 23ஆம் ஆண்டின் கோடையில் அகஸ்டஸ் தம் கான்சல் பதவியை விட்டு விலகினார். ரோமக் குடியரசின் ஆக உயர்ந்த ஆட்சிப் பதவி அது. கி.மு. 31 முதல் ஆண்டு தவறாமல் அதை அவர் வகித்துவந்தார். விலகியபோது அதற்கு ஈடாகச் சில அதிகாரங்களைப் பெற்றுக்கொண்டார். அவற்றுள் ஒன்று 'டிரிபியூனின் அதிகாரம்'. கடனில் மூழ்கிய குடிமக்கள், உயர்குடிப் பிரபுக்களிடமிருந்து தங்களைக் காத்துக்கொள்வதற்காக ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பு உருவாக்கிய பதவி டிரிபியூன். அந்தப் பதவிக்குப் படை கிடையாது. முன்னால் கோல்கட்டு ஏந்தி நடக்கும் சேவகர் கிடையாது. ஊதா விளிம்பிட்ட ஆடையும் தந்த நாற்காலியும் கிடையாது. உட்கார ஒரு சாதாரண பெஞ்சுதான். எகிப்தின் செல்வத்தையும் இருபதுக்கு மேற்பட்ட லெஜியன் படைப்பிரிவுகளையும் கையில் வைத்திருந்த ஒருவருக்கு இந்த அதிகாரம் எதற்கு?

வரலாற்றாசிரியர் டாசிடஸ் இதற்கு ஒரு விடை சொல்லியிருக்கிறார். மன்னர் என்றோ சர்வாதிகாரி என்றோ பெயர் சூட்டிக்கொள்ளாமல், எல்லோருக்கும் மேலே நிற்பதற்கு அகஸ்டஸ் கண்டுபிடித்த பெயர் அது என்கிறார். விடை சரிதான், ஆனால் பாதிதான். பறித்தவரின் நோக்கத்தை அது சொல்கிறது. உடையவர்களின் கையிலிருந்து அது எப்படி நழுவியது என்பதைச் சொல்லவில்லை. ரோமக் குடியரசு பேரரசாக மாறிய வரலாற்றைப் பெரும்பாலும் சீசர், பாம்பி, அந்தோணி என்ற பெருந்தலைகளின் மோதலாகவே படித்திருக்கிறோம். டிரிபியூன் என்ற இந்தச் சிறு பதவியைப் பின்தொடர்ந்தால், அதே வரலாறு வேறு முகம் காட்டுகிறது.

புனித மலை

ரோமானியர்களின் மரபுப்படி கி.மு. 509இல் கடைசி மன்னர் டார்க்வின் விரட்டப்பட்டார். அவருடைய இடத்தில் இரண்டு கான்சல்கள் வந்தார்கள். பதவிக்காலம் ஓராண்டு. ஒருவர் செய்வதை மற்றவர் தடுக்கலாம். தனியொருவர் கையில் ஆட்சி போய்விடக் கூடாது என்ற அச்சம் அந்த ஏற்பாடு முழுவதிலும் ஓடியது. முன்னாள் ஆட்சியாளர்களும் குடும்பத் தலைவர்களும் அடங்கிய செனட் அவர்களுக்கு ஆலோசனை சொன்னது. பெயர்தான் ஆலோசனை. ஓராண்டில் இறங்கிவிடும் கான்சல், வாழ்நாள் முழுவதும் உட்கார்ந்திருக்கும் சபையைப் பகைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது.

பதவிகளும் பூசகர் பொறுப்புகளும் சட்ட அறிவும் 'பாட்ரீசியர்' எனப்பட்ட சில குடும்பங்களுக்குள் சுழன்றன. மற்றக் குடிமக்கள் அனைவரும் 'பிளீபியர்'. பாட்ரீசியர் என்றால் பணக்காரர், பிளீபியர் என்றால் ஏழை என்று நம் பள்ளிப் பாடத்தில் பதிந்துபோன எண்ணத்தை இங்கே விலக்கி வைக்க வேண்டும். அது பிறப்பால் வகுத்த கோடு. பிளீபியர்களில் நிலபுலன் உள்ளவர்களும் இருந்தார்கள், அடுத்த வேளைச் சோற்றுக்கு வழியில்லாதவர்களும் இருந்தார்கள். முன்னவர்களுக்குப் பதவி வேண்டும், பின்னவர்களுக்குக் கடனிலிருந்து விடுதலை வேண்டும். இரண்டு பசிகளும் சேர்ந்து நின்ற காலம்வரைதான் பிளீபியர் இயக்கத்துக்கு வலிமை இருந்தது.

கடன் என்பது அன்று உடலின்மேல் விழுந்த பிணை. கி.மு. 451–450இல் எழுதப்பட்ட பன்னிரண்டு பட்டயச் சட்டத்தின்படி, தீர்ப்புக்குப் பின் முப்பது நாளில் கட்டாதவரைக் கடன் கொடுத்தவர் பிடித்துக் கட்டிவைக்கலாம். அறுபது நாள் கழிந்தும் யாரும் மீட்க வராவிட்டால், டைபர் ஆற்றுக்கு அப்பால் அடிமையாக விற்றுவிடலாம். போருக்குப் போன உழவரின் வயல் விதைக்கப்படாமல் கிடக்கும். திரும்பி வந்து கடன் வாங்குவார். கடைசியில் நாட்டுக்காகக் காயம்பட்ட உடம்பே ஈடாகிவிடும்.

கி.மு. 494இல் நடந்ததாக ரோம வரலாற்றாசிரியர் லிவி எழுதியிருப்பது இந்தப் பின்னணியில்தான். படைக்கு ஆள் சேர்க்கும் நேரம் வந்தபோது பிளீபியர்கள் ஊரை விட்டே வெளியேறினார்கள். ஏறத்தாழ மூன்று மைல் தொலைவில் இருந்த புனித மலையில் போய் உட்கார்ந்துகொண்டார்கள். கொள்ளை இல்லை, கொலை இல்லை. போரிட வரமாட்டோம் என்பது மட்டுமே அவர்கள் சொன்னது. வயிற்றோடு பிணங்கிய கை கால்களின் கதையைச் சொல்லி செனட் அனுப்பிய மெனேனியஸ் அக்ரிப்பா அவர்களைச் சமாதானப்படுத்தியதாகச் சொல்வார்கள். கதை புகழ்பெற்றுவிட்டது. ஆனால் மலையிலிருந்து அவர்களை இறக்கியது கதை அல்ல, கையில் கிடைத்த உடன்படிக்கைதான். பிளீபியர்களே தேர்ந்தெடுக்கும் டிரிபியூன்கள் அவர்களுக்குக் காவலாக இருப்பார்கள் என்பது அந்த உடன்படிக்கை. தொடக்கத்தில் சிலராக இருந்தவர்கள் பின்னர் பத்துப் பேரானார்கள்.

லிவி இதை எழுதியது அகஸ்டஸ் காலத்தில். நிகழ்ச்சிக்கும் எழுத்துக்கும் நடுவே ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகள். அவர் வைக்கும் உரைகளையும் காட்சிகளையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. அமைப்பு மட்டும் தெளிவு. ரோமுக்கு அன்று நிலைப்படை இல்லை. உழுதவரே தம் சொந்தச் செலவில் ஆயுதம் வாங்கிப் போருக்குப் போனார். அவர் வராவிட்டால் ஊரைக் காக்க ஆளில்லை. உலக வரலாற்றின் மிகப் பழைய வேலைநிறுத்தங்களில் ஒன்றாக இதை நான் கருதுகிறேன். நிறுத்தப்பட்ட வேலை போர்.

டிரிபியூனின் வலிமை எங்கிருந்து வந்தது என்பதும் இங்கேதான் இருக்கிறது. எந்தச் சட்டமும் அவரைக் காக்கவில்லை, மக்கள் கூடி எடுத்த சத்தியம் காத்தது. டிரிபியூன்மேல் கை வைப்பவர் தெய்வத்துக்கு நேர்ந்துவிடப்பட்டவர் ஆகிறார், அவரை யார் கொன்றாலும் குற்றமில்லை, அவர் சொத்து செரிஸ் தேவியின் கோயிலைச் சேரும். இந்தச் சத்தியத்தின் பின்னால் நின்றவர்கள் படைவீரர்கள். அதனால்தான் அது செல்லுபடியானது.

டிரிபியூனின் வீட்டுக் கதவு இரவும் பகலும் திறந்திருக்க வேண்டும். ஒரு முழு நாள் அவர் ஊருக்கு வெளியே தங்கக் கூடாது. கான்சலின் சேவகர்கள் ஒரு பிளீபியரை இழுத்துப் போகும்போது அவர் குரல் கொடுத்தால், டிரிபியூன் நடுவே போய் நிற்பார். நின்றாலே போதும், ஆணை செயலற்றுவிடும். பின்னாளில் இந்தத் தடை தனியொருவரைக் காப்பதிலிருந்து சட்ட முன்மொழிவுகளையும் செனட் தீர்மானங்களையும் நிறுத்தும் அளவுக்கு வளர்ந்தது. 'வீட்டோ' என்ற லத்தீன் சொல்லுக்கு 'நான் தடுக்கிறேன்' என்று பொருள். இன்று ஐக்கிய நாடுகள் பாதுகாப்பு அவையில் ஐந்து வல்லரசுகள் வைத்திருக்கும் உரிமைக்கு அதே சொல்லைப் பயன்படுத்துகிறோம். வலிமையற்றவரின் பக்கத்தில் நின்று சொல்லப்பட்ட சொல் அது என்பதை நினைத்துப் பார்க்கும்போது மனம் கனக்கிறது.

அதன்பின் உரிமைகள் ஒவ்வொன்றாக வந்தன. கி.மு. 445இல் பாட்ரீசியருக்கும் பிளீபியருக்கும் இடையே மணவுறவு அனுமதிக்கப்பட்டது. கி.மு. 367இல் கான்சல் பதவி பிளீபியர்களுக்குத் திறந்தது. கி.மு. 326ஐ ஒட்டி, உடலை ஈடு வைக்கும் கடன்முறை ஒழிந்தது. கி.மு. 287இல் இன்னொரு வெளியேற்றத்துக்குப் பின் ஹார்டென்சியஸ் சட்டம் வந்தது. பிளீபியர் அவையின் தீர்மானம் பாட்ரீசியர் உட்பட எல்லாரையும் கட்டுப்படுத்தும் என்றானது.

வாக்கின் எடை

இத்தனை வெற்றிக்குப் பிறகும் ரோம் மக்களாட்சி ஆகவில்லை. காரணம் வாக்குகளை எண்ணிய விதம்.

கான்சல்களைத் தேர்ந்தெடுத்த செஞ்சுரி அவையில் ஒருவருக்கு ஒரு வாக்கு என்ற கணக்கு இல்லை. குடிமக்கள் சொத்து மதிப்பின்படி வகுப்புகளாகவும், வகுப்புகள் 193 செஞ்சுரிகளாகவும் பிரிக்கப்பட்டிருந்தன. ஒரு செஞ்சுரிக்கு ஒரு வாக்கு. குதிரைப்படைக்கு 18, முதல் வகுப்புச் செல்வர்களுக்கு 80. இவை சேர்ந்தால் 98, அதாவது பெரும்பான்மை. சொத்தே இல்லாத அத்தனை பேரையும் ஒரே ஒரு செஞ்சுரியில் அடைத்திருந்தார்கள். மேலிருந்து வாக்கு கேட்டுக்கொண்டே வருவார்கள், பெரும்பான்மை கிடைத்தவுடன் நிறுத்திவிடுவார்கள். முதல் வகுப்பின் செஞ்சுரிகள் பின்னர் 70 ஆகக் குறைக்கப்பட்டு, முடிவு இரண்டாம் வகுப்புவரை இறங்கியது. கடைசி செஞ்சுரிக்காரர் வாக்களிக்கும் நாளே அரிது.

டிரிபியூன்களைத் தேர்ந்தெடுத்த அவை வேறு. அங்கே வாக்கு 35 'டிரைபு'களின்படி நடந்தது. வாழும் இடத்தை ஒட்டிய பிரிவு அது. ஆனால் அவற்றில் நான்கே நான்குதான் நகரத்துக்கு உரியவை. ரோம் நகரத்து எளிய மக்கள் எத்தனை ஆயிரம் பேர் இருந்தாலும் நான்கு வாக்குகளுக்குள் அடங்கினார்கள். மீதி 31 கிராமப்புறத்துக்கு. அவற்றைச் சேர்ந்த சிறு விவசாயி வாக்களிக்க நாள்கணக்கில் நடந்து வர வேண்டும். வண்டியும் வேலையாளும் உள்ள நிலக்கிழார் எளிதாக வந்து சேர்வார்.

வாக்காளர் ஏறி நடக்கும் குறுகிய நடைப்பாலங்கள் இருந்தன. அவற்றின் ஓரத்தில் செல்வாக்குள்ளவர்கள் நின்றுகொண்டு யார் எப்படி வாக்களிக்கிறார் என்று பார்ப்பார்கள். கி.மு. 139இல் தேர்தலுக்கு இரகசிய வாக்குச்சீட்டு வந்தது. கி.மு. 119இல் மாரியஸ் என்ற டிரிபியூன், அருகில் யாரும் நின்று எட்டிப் பார்க்க இடமில்லாதபடி அந்தப் பாலங்களையே குறுக்கச் சட்டம் செய்தார். வாக்குரிமையின் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த சட்டங்களில் இது ஒன்று. அந்த மாரியஸின் பெயர் மறுபடி வரும், இதே அளவு மகிழ்ச்சியான காரணத்துக்காக அல்ல.

இந்தப் படிநிலையில் பெண்களுக்கு வாக்கே இல்லை. அடிமைகளுக்கு எதுவுமே இல்லை. ஆனால் ரோமக் குடிமகன் முறைப்படி விடுவித்த அடிமை குடிமகனானார். கிரேக்க நகரங்கள் இதைச் செய்யவில்லை. ரோம் வளர்ந்ததன் காரணங்களில் இதற்கு நாம் கொடுக்கும் இடம் போதாது.

மேல்தட்டும் உருமாறியது. கான்சல் பதவி திறந்தபின் பணமுள்ள பிளீபியர் குடும்பங்கள் பாட்ரீசியரோடு கலந்து புதிய பிரபு வர்க்கம் ஆயின. கி.மு. 218இல் செனட்டர்கள் பெரிய சரக்குக் கப்பல் வைத்துக்கொள்ளச் சட்டம் தடை விதித்தது. வணிகம், அரசு ஒப்பந்தம், மாகாண வரிக் குத்தகை ஆகியவற்றில் பொருள் சேர்த்த 'ஈக்வைட்டுகள்' இன்னொரு செல்வ அடுக்காக எழுந்தார்கள். டிரிபியூன் பதவி இந்தப் புதிய பிரபுக்களின் பிள்ளைகளுக்கு ஏணியின் ஒரு படியானது. பதவி பெற்றுவிட்ட பிளீபியருக்கும் நிலமில்லாத பிளீபியருக்கும் இனிப் பொதுவான பசி இல்லை.

கிரேக்கரான பாலிபியஸ் கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் ரோமின் ஆட்சிமுறையைப் பாராட்டி எழுதினார். கான்சல்களிடம் மன்னராட்சியின் கூறு, செனட்டில் உயர்குடி ஆட்சியின் கூறு, மக்களவைகளில் மக்களாட்சியின் கூறு, மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன என்றார். பிற்கால அரசியல் சிந்தனையை வெகுவாகப் பாதித்த கருத்து இது. ஆனால் அந்த மூன்றாவது கூறு எவ்வளவு மெலிந்திருந்தது என்பதை அவர் காணவில்லை என்றே சொல்ல வேண்டும். அவர் பழகியது ரோமின் பெரும் பிரபுக்களான சிபியோ குடும்பத்தாரின் மாளிகையில்.

பதினெட்டாவது டிரைபு

கி.மு. 146இல் ரோமப் படைகளால் கார்த்தேஜும் கொரிந்தும் தரைமட்டமாயின. அதற்கு முன்பே, கி.மு. 167இல், மாசிடோனியப் போர்க் கொள்ளை கருவூலத்தை நிரப்பியதால் இத்தாலியில் குடிமக்கள் கட்டிவந்த போர்வரி நின்றுபோனது. வெற்றியின் செல்வம் மேலே போயிற்று. போருக்குப் போனவர்கள் ஸ்பெயினில் ஆண்டுக்கணக்கில் கிடந்தார்கள். இத்தாலியின் பொதுநிலத்தை வசதி படைத்தவர்கள் வளைத்துக்கொண்டு, போரில் பிடிபட்ட அடிமைகளை வைத்து வேலை வாங்கினார்கள். ஏட்ரூரியா வழியாகப் பயணம் போன டைபீரியஸ் கிராக்கஸ் என்ற இளைஞர், வயல்களில் அயல்நாட்டு அடிமைகளையே கண்டதாகவும், அந்தக் காட்சிதான் அவரைத் திருப்பியதாகவும் அவருடைய தம்பி பின்னாளில் எழுதினார்.

டைபீரியஸ் ஏழை அல்ல. கார்த்தேஜின் தளபதி ஹன்னிபாலை வென்ற சிபியோவின் மகள் வயிற்றுப் பேரன். கி.மு. 133இல் டிரிபியூனாகி, பொதுநிலத்தில் ஒருவர் 500 யூகேராவுக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது என்ற பழைய வரம்பை மீண்டும் கொண்டுவந்தார். ஏறத்தாழ 310 ஏக்கர். மிச்சத்தைப் பிரித்து நிலமற்றவர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்றார். உடன் டிரிபியூன் ஆக்டேவியஸ் எழுந்து தடுத்தார். எளியோரைக் காக்கப் பிறந்த 'தடுக்கிறேன்' என்ற சொல், எளியோருக்கு நிலம் கொடுக்கும் சட்டத்தின்மேல் விழுந்தது.

டைபீரியஸ் அவரைப் பதவியிலிருந்து நீக்கும்படி மக்களையே கேட்டார். டிரைபுகள் ஒவ்வொன்றாக வாக்களித்தன. பதினேழு முடிந்தன. இன்னும் ஒன்று விழுந்தால் பெரும்பான்மை. அந்த இடத்தில் வாக்கெடுப்பை நிறுத்தி, டைபீரியஸ் தம் நண்பரைக் கட்டித் தழுவி, தடையை விலக்கிக்கொள் என்று கெஞ்சியதாக வாழ்க்கை வரலாற்றாசிரியர் புளூடார்க் எழுதுகிறார். ஆக்டேவியஸ் கண் கலங்கினார், நெடுநேரம் பேசாமல் நின்றார். பிறகு அங்கே நின்றிருந்த பணக்காரர்களின் முகங்களைப் பார்த்தார், மாட்டேன் என்றார். பதினெட்டாவது டிரைபு வாக்களித்தது.

மக்களுக்கு எதிராகப் போகும் டிரிபியூன் டிரிபியூனே அல்ல என்பது டைபீரியஸின் வாதம். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் தொடக்கூடாதவர் என்று மக்கள் சத்தியம் செய்து வைத்த ஒருவரைத் தொட்டுவிட்டார்கள். சில மாதங்களுக்குள் அது அவரையே சுட்டது. மறுமுறையும் டிரிபியூனாக நிற்க முயன்றபோது, தலைமைப் பூசகர் சிபியோ நாசிகா முன்னே நடக்க, செனட்டர்கள் தடிகளோடும் உடைத்தெடுத்த பெஞ்சுக் கால்களோடும் வந்து அவரையும் ஏறத்தாழ முந்நூறு பேரையும் அடித்தே கொன்றார்கள். உடல்களை டைபர் ஆற்றில் எறிந்தார்கள். டிரிபியூனைக் கொன்றவர்களை யாரும் தெய்வத்துக்கு நேர்ந்துவிடவில்லை. புனித மலையில் எடுத்த சத்தியம் அன்று செத்தது என்பதே என் முடிவு.

தம்பி கையஸ் கிராக்கஸ் பத்தாண்டுகள் கழித்து வந்தார். அண்ணனைவிடத் திறமைசாலி. நகர மக்களுக்குக் குறைந்த விலையில் தானியம், நீதிமன்றங்களில் ஈக்வைட்டுகளுக்கு இடம், கடல் கடந்த குடியேற்றம் என்று பல பிரிவினரைச் சேர்த்துக் கட்டினார். கி.மு. 121இல், குடியரசைக் காக்க வேண்டியதைச் செய்யுங்கள் என்று செனட் கான்சலுக்கு உத்தரவிட்டது. கையஸும் அவரைச் சேர்ந்தவர்களில் மூவாயிரம் பேர்வரையும் மாண்டார்கள். கொன்ற கான்சல் ஒப்பிமியஸ், அதன்பின் நல்லிணக்கத் தேவிக்குக் கோயில் எழுப்பினார்.

படை இடம் மாறியது

கிராக்கஸ் சகோதரர்களுக்கு மக்கள் இருந்தார்கள், படை இல்லை. அடுத்து வந்த டிரிபியூன்கள் அந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்டார்கள்.

கி.மு. 107இல் கான்சலான மாரியஸ், வாக்குப் பாலங்களைக் குறுக்கிய அதே மாரியஸ், சொத்துத் தகுதி பாராமல் நிலமற்றவர்களையும் படையில் சேர்த்தார். தகுதி வரம்பு அதற்கு முன்பே இறங்கிக்கொண்டுதான் வந்தது, அவர் கதவை முழுதாகத் திறந்தார். பழைய வீரருக்குத் திரும்பிப் போக வயல் இருந்தது. புதிய வீரருக்கு இல்லை. போர் முடிந்ததும் அவருக்கு யார் நிலம் தருவார்? செனட் தரத் தயாரில்லை. தளபதிதான் தர வேண்டும். தளபதியால் சட்டம் செய்ய முடியாது, டிரிபியூனால் முடியும். கி.மு. 103இல் சாட்டர்னினஸ் என்ற டிரிபியூன் மாரியஸின் வீரர்களுக்கு ஆப்பிரிக்காவில் ஆளுக்கு 100 யூகேரா நிலம் கொடுக்கச் சட்டம் செய்தார். மூன்றாண்டுகள் கழித்து மாரியஸே அவரைக் கைவிட்டார். செனட் மண்டபத்தில் அடைத்து வைக்கப்பட்டிருந்த டிரிபியூனை, கூரை ஓடுகளைப் பெயர்த்து எறிந்து கொன்றது ஒரு கூட்டம்.

இந்த வரலாறு திரும்பிய முனை எது என்று கேட்டால், சீசர் படையோடு கடந்த ரூபிகான் ஆற்றை நான் காட்டமாட்டேன். கி.மு. 88இல் கம்பானியாவின் நோலா நகரருகே இருந்த படைமுகாமைக் காட்டுவேன். கான்சல் சுல்லாவுக்குக் கிழக்கில் மித்ரிடேட்டிஸ் மன்னருக்கு எதிரான போர்த் தலைமை கிடைத்திருந்தது. சுல்பிசியஸ் என்ற டிரிபியூன் மக்களவை வழியாக அதைப் பறித்து மாரியஸுக்குக் கொடுத்தார். செய்தி கேட்ட சுல்லா வீரர்களைக் கூட்டிப் பேசினார். கிழக்கின் கொள்ளை வேறு வீரர்களுக்குப் போய்விடுமே என்ற கவலை அவர்களுக்கு. முகாமை ஏற்க வந்த அதிகாரிகளைக் கல்லால் அடித்துக் கொன்றார்கள். ரோமுக்கு நடத்திப் போங்கள் என்றார்கள். படை அதிகாரிகளில் ஒரே ஒருவரைத் தவிர அத்தனை பேரும் சுல்லாவை விட்டு விலகினார்கள். சாதாரண வீரர்கள் விலகவில்லை. ஆறு லெஜியன்கள் சொந்த நகரத்தின்மீது நடந்தன.

கி.மு. 494இல் படைவீரர்கள் நகரத்தை விட்டு வெளியே நடந்தார்கள், டிரிபியூன் பிறந்தார். கி.மு. 88இல் படைவீரர்கள் நகரத்துக்குள் நடந்தார்கள், ஒரு டிரிபியூனின் தலை வெட்டப்பட்டது. நிலமும் கடனும்தான் இரண்டுக்கும் அடியில் இருந்த சிக்கல். முதல் தடவை அவர்கள் குடிமக்களாகத் தங்களுக்குள் சத்தியம் செய்துகொண்டார்கள். இரண்டாம் தடவை தளபதியிடம் சத்தியம் செய்திருந்தார்கள். ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளாக நிலக் கோரிக்கையைத் தடியால் அடித்துக் கொன்றுவந்த செனட்டுக்கு இதில் பெரும் பங்கு உண்டு.

சர்வாதிகாரியான சுல்லா, டிரிபியூனாக இருந்தவர் வேறு உயர்பதவிக்கு வரமுடியாது என்று விதித்து அந்தப் பதவியை முடமாக்கினார். கி.மு. 70இல் கான்சல்களான பாம்பியும் கிராஸஸும் பழைய அதிகாரங்களைத் திருப்பிக் கொடுத்தார்கள். மக்கள் மகிழ்ந்தார்கள். மூன்றே ஆண்டுகளில், கபினியஸ் என்ற டிரிபியூனின் சட்டம் கடற்கொள்ளையரை ஒடுக்க மத்தியதரைக் கடல் முழுவதையும் பாம்பியின் கையில் கொடுத்தது. மறு ஆண்டு மானிலியஸ் என்ற டிரிபியூன் கிழக்கின் போரையும் அவரிடம் சேர்த்தார். பாட்ரீசியரான குளோடியஸ், டிரிபியூன் ஆவதற்காகவே தம்மைவிட இளையவரான ஒரு பிளீபியருக்குத் தத்துப் போய், கி.மு. 58இல் அந்தப் பதவியை அடைந்தார். அவர்தான் ரோம் நகரக் குடிமக்களுக்குத் தானியத்தை விலையில்லாமல் ஆக்கியவர்.

பேச்சாளரும் அரசியல்வாதியுமான சிசரோவைப் போல டிரிபியூன்களால் துன்பப்பட்டவர் குறைவு. அவரை நாடு கடத்தியவரே குளோடியஸ்தான். ஆனாலும் சட்டங்களைப் பற்றிய தம் உரையாடல் நூலில், டிரிபியூன் பதவியைத் தாக்கும் வேலையைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டு, அதைக் காக்கும் வேலையைத் தாம் எடுத்துக்கொண்டார். தலைவரில்லாத மக்கள் கோபம் தலைவருள்ள கோபத்தைவிட ஆபத்தானது என்பது அவர் வாதம். மக்கள்மேல் பெரிய அன்பில்லாத ஒருவர் சொன்னதால் இதற்கு எடை அதிகம்.

கி.மு. 49இல் சீசர் ரூபிகானைக் கடந்தபோது அவர் கையில் ஏந்திய காரணம் என்ன? தமக்காகத் தடைச்சொல் சொன்ன டிரிபியூன்கள் அந்தோணியையும் காசியஸையும் செனட் மிரட்டி விரட்டிவிட்டது, அவர்களின் உரிமையைக் காக்க வருகிறேன் என்பதுதான். ஐந்தாண்டுகள் கழித்து, சீசர் சிலையின்மேல் யாரோ கட்டிய அரசச் சின்னத்தை எடுத்தெறிந்த டிரிபியூன்கள் ஃபிளாவஸ், மருல்லஸ் இருவரையும் அதே சீசர் பதவி நீக்கினார். அடுத்து வந்த மார்ச் மாதம் சீசரைக் கொன்ற கத்திகளைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள்.

சீசரின் வாரிசு ஆக்டேவியனுக்குப் பத்தொன்பது வயது. கி.மு. 43இல் அவருடைய வீரர்கள் கான்சல் பதவி கேட்டுத் தூது வந்தார்கள். செனட் தயங்கியது. தூதுக் குழுவில் இருந்த ஒரு நூற்றுவர் தலைவர் மேலங்கியை ஒதுக்கி வாளின் பிடியைக் காட்டினார். அதே ஆண்டு நவம்பர் 27 அன்று டிட்டியஸ் என்ற டிரிபியூனின் சட்டம் ஆக்டேவியன், அந்தோணி, லெப்பிடஸ் மூவரிடமும் வரம்பற்ற அதிகாரத்தை ஒப்படைத்தது. பத்து நாள் கழித்து சிசரோ கொல்லப்பட்டார்.

பெயர் மட்டும்

இப்போது கி.மு. 23க்குத் திரும்பலாம். ஆக்டேவியன் அகஸ்டஸ் ஆகி நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. தத்தெடுப்பால் அவர் பாட்ரீசியர், டிரிபியூன் பதவிக்கு நிற்கவே முடியாது. அதனால் பதவி இல்லாமல் அதிகாரத்தை மட்டும் பெற்றார். தொடக்கூடாத உடல், தடுக்கும் சொல், செனட்டைக் கூட்டும் உரிமை, சட்டம் முன்மொழியும் உரிமை. நகரத்துக்கு வெளியே ஒரு மைலுக்கு மேல் செல்லாது என்றிருந்த பழைய எல்லையும் அவருக்குத் தடையாகவில்லை. தாம் ஆண்ட ஆண்டுகளை அவர் எண்ணியது இந்த அதிகாரத்தைக் கொண்டுதான். கி.பி. 14இல் இறந்தபோது அது 37ஆவது ஆண்டு. தம் சாதனைகளைப் பட்டியலிட்டு அவர் எழுதிய கல்வெட்டு அங்காராவில் ஒரு கோயில் சுவரில் இன்றும் இருக்கிறது. அதில் அந்த எண்ணைக் காணலாம்.

இதை மக்களிடமிருந்து பறித்தார் என்று மட்டும் சொன்னால் உண்மை முழுமையாகாது. கி.மு. 22இல் வெள்ளமும் தானியத் தட்டுப்பாடும் வந்தபோது, மக்கள் கூட்டம் செனட்டர்களை மண்டபத்துக்குள் அடைத்து, அகஸ்டஸை சர்வாதிகாரி ஆக்காவிட்டால் கொளுத்திவிடுவோம் என்றது. அவர் மேலாடையைக் களைந்து, வேண்டாம் என்று மறுத்தார். தானியப் பொறுப்பை மட்டும் ஏற்றார். கி.மு. 5இல் நகர மக்கள் 3,20,000 பேருக்கு ஆளுக்கு 60 டெனாரியஸ் கொடுத்ததாக அவருடைய கல்வெட்டு சொல்கிறது. ஓய்வுபெறும் வீரர்களுக்காகக் கி.பி. 6இல் தனிக் கருவூலம் தொடங்கி, சொந்தப் பணம் 17 கோடி செஸ்டர்ஸைப் போட்டார். கிராக்கஸ் சகோதரர்கள் உயிரைக் கொடுத்துக் கேட்டதற்கு நிலையான விடை இப்படித்தான் வந்தது. கொடுத்தவர் ஒருவர், அவரைக் கேள்வி கேட்க ஆளில்லை.

சமூகப் படிகள் மட்டும் மேலும் இறுகின. செனட்டராகப் பத்து இலட்சம் செஸ்டர்ஸ் சொத்து வேண்டும், ஈக்வைட்டாக நான்கு இலட்சம். கி.பி. 14இல் அகஸ்டஸுக்கு அடுத்து டைபீரியஸ் (கிராக்கஸ் அல்ல, வேறொருவர்) பேரரசரானதும் தேர்தல்கள் மக்களவையிலிருந்து செனட்டுக்கு மாற்றப்பட்டன. எதிர்ப்பு முணுமுணுப்போடு முடிந்தது. மக்கள் வாக்களிப்பதற்காகச் சீசர் தொடங்கிய பளிங்கு மண்டபம் 'சேப்டா' கி.மு. 26இல்தான் கட்டி முடிந்திருந்தது. அங்கே வாள்வீரர் சண்டைகள் நடந்தன, பின்னர் ஆடம்பரப் பொருள் விற்கும் கடைகள் வந்தன.

ஆட்சியாளரின் கொடுமையிலிருந்து காப்பாற்றக் குடிமகன் எழுப்பும் குரல் இனிப் பேரரசரை நோக்கியே எழ வேண்டும். அப்போஸ்தலர் பணிகள் நூலில் பவுல் சீசரிடம், அதாவது பேரரசரிடம், மேல்முறையீடு செய்வதை நம்மில் பலர் படித்திருப்போம். கி.பி. 212இல் பேரரசர் கரகல்லா, பேரரசின் சுதந்திர மக்கள் ஏறத்தாழ அனைவருக்கும் குடியுரிமை கொடுத்தார். அதற்குள் நீதிமன்றங்கள் மதிப்புடையோர், எளியோர் என்று குடிமக்களையே பிரித்து, ஒரே குற்றத்துக்கு இருவேறு தண்டனை கொடுக்கப் பழகியிருந்தன. டிரிபியூன் பதவி மறையவில்லை. ஆண்டுதோறும் ஆட்கள் வந்தார்கள், போனார்கள். கி.பி. முதல் நூற்றாண்டின் இறுதியில் டிரிபியூனாக இருந்த எழுத்தாளர் இளைய பிளினி, அந்தப் பதவி வெறும் நிழலா, பொருளுள்ளதா என்று ஒரு கடிதத்தில் கேட்டிருக்கிறார்.

அந்தப் பெயரின் தடம் தமிழகத்திலும் உண்டு. 1898இல் புதுக்கோட்டைப் பகுதியில் 501 ரோமப் பொற்காசுகள் கொண்ட புதையல் கிடைத்தது. அகஸ்டஸ் முதல் வெஸ்பாசியன் வரையிலான பேரரசர்களின் காசுகள் அவை. பலவற்றில் பேரரசரின் தலைக்குக் குறுக்கே உளி வெட்டு இருக்கிறது. கிளாடியஸ் காலத்துக் காசுகளில் தலையைச் சுற்றி ஓடும் எழுத்துகளில் டி, ஆர், பி என்ற மூன்று லத்தீன் எழுத்துகளைக் காணலாம். 'டிரிபியூனின் அதிகாரம்' என்பதன் சுருக்கம் அது. காசில் அதன் பக்கத்தில் எண் இருந்தால், அந்த அதிகாரத்தை அவர் ஏற்று எத்தனையாவது ஆண்டு நடக்கிறது என்பதை அது சொல்லும்.